ஜன்னல் பக்கத்து இடம்

பிப்ரவரி 4

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே நானும் அத்தானும் சௌக்கியம். அத்தானுக்கு முதுகு வலி போய்த் தோள் வலி வந்திருக்கிறது. அவருக்கு ஏதாவது ஒன்று இருந்தால்தான் பொழுது போகும். உன் உடம்பு எப்படி இருக்கிறது? நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா?

போனில் பேசினால் மூன்றாவது வாக்கியத்தில் நீ கத்துகிறாய், நாலாவதில் நான் கத்துகிறேன். இனிமேல் கடிதம்தான் என்று போன சண்டையில் நீயே சொன்னாய். சரி, கட்டுப்படுகிறேன். கத்துவதென்றால் பேப்பரில் கத்திக்கொள்ளலாம்.

நீ புது வேலையில் சேர்ந்ததை அப்பா சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். ஆழ்கடலுக்குள் ஆட்களைக் கூட்டிப் போய்க் காட்டுகிற கம்பெனியாமே. அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. எதிர்வீட்டுக்காரர், மருந்துக் கடைக்காரர் என்று எல்லோரிடமும் சொல்லி முடித்துவிட்டு, ராங் நம்பரில் கூப்பிட்ட யாரோ ஒருவரிடமும் சொல்லியிருக்கிறார். எனக்கு மட்டும் நீ ஏன் சொல்லவில்லை? நான் பார்க்கிற வேலை உனக்குத் தெரியும். தகடு, குழாய், கண்ணாடி என்று எதையாவது தண்ணீர்த் தொட்டிக்குள் வைத்து மூடி, அழுத்தத்தை ஏற்றிக்கொண்டே போய், எப்போது உடைகிறது என்று பார்த்து எழுதுகிறவள் நான். கடலுக்கடியில் போகிற கலத்தைப் பற்றி என்னிடம் வாயைத் திறக்காமல் ஊருக்கெல்லாம் சொல்கிறாய் என்றால் எனக்கு உறுத்தத்தானே செய்யும்.

மூன்றே கேள்வி. கலத்தின் உடம்பு எதில் செய்தது? ஜன்னல் எதில் செய்தது? இரண்டையும் வெளி ஆள் யாராவது சோதித்துச் சான்று கொடுத்திருக்கிறார்களா? பதில் போடு.

கடல் காற்று உனக்கு ஆகாது. காதில் பஞ்சு வைத்துக்கொள்.

அன்புடன்,
அக்கா


பிப்ரவரி 21

என் அருமை இன்ஸ்பெக்டர் அக்காவுக்கு,

தம்பியின் வணக்கம். நான் நன்றாக இருக்கிறேன். வேளாவேளைக்குச் சாப்பிடுகிறேன். காதில் பஞ்சும் வைத்திருக்கிறேன். முதலாளி கூப்பிடுவது பாதி கேட்பதில்லை, அதுவும் நல்லதுக்குத்தான். அத்தானின் தோளை நான் விசாரித்ததாகச் சொல்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்டாய். மிட்டாய்க் கடை வைத்தபோது எறும்பு வரும் என்றாய். வாடகைக் கார் ஓட்டியபோது பிரேக்கைப் பார் என்றாய். எறும்பு வந்தது, பிரேக்கும் போனது, ஒத்துக்கொள்கிறேன். ஒரே ஒரு வேலையையாவது நீ முகத்தைச் சுளிப்பதற்கு முன்னால் கொஞ்ச நாள் அனுபவித்துப் பார்க்க ஆசையாக இருந்தது. வேறொன்றும் இல்லை.

கலத்துக்கு விளம்பரத்தில் பெரிய பெயரெல்லாம் உண்டு. நாங்கள் கூப்பிடுவது குண்டான் என்று. ஓட்டுகிறவர் ஒருவர், பயணிகள் நாலு பேர், அவ்வளவுதான் அதற்குள் கொள்ளும். உடம்பு தடித்த உலோகம், நம் வீட்டுச் சுவரைவிடக் கெட்டி. முன்பக்கம் அக்ரிலிக் ஜன்னல். மற்றவர்களுடைய கலத்தில் ஜன்னல் சாப்பாட்டுத் தட்டு அளவுதான் இருக்குமாம். எங்களுடையதில் இரண்டு பேர் தோளோடு தோள் ஒட்டி நின்று பார்க்கலாம். அந்த ஜன்னலுக்காகத்தான் ஜனங்கள் வந்து விழுகிறார்கள். ஜன்னல் பக்கத்து இடத்துக்கு இப்போதே அடிதடி.

என் வேலை பயணிகளைக் கவனிப்பது. எப்படி உட்கார வேண்டும், எதைத் தொடக் கூடாது, குமட்டினால் எந்தப் பையை எடுக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுப்பேன். குண்டான் இறங்குவதற்கு முன்னாலும் ஏறிவந்த பிறகும் ஜன்னலை உள்ளும் புறமும் துடைப்பதும் நான்தான். படித்த படிப்புக்குக் கண்ணாடி துடைக்கிறாயா என்று கேட்காதே. கீறல் விழாமல் துடைக்க ஒரு பக்குவம் வேண்டும். நான் உள்ளே போவதில்லை. கப்பலில் நின்று கையாட்டுவதோடு சரி. இதுவரை துறைமுகத்திலேயே ஒத்திகை பார்த்தோம், அடுத்த மாதம்தான் நடுக்கடல்.

முதலாளி தங்கமான மனிதர். உன் சோதனைக் கூடத்தின் பெயரைச் சொன்னதும் எழுந்தே நின்றுவிட்டார். "அடேயப்பா, அவங்க உங்க அக்காவா? அவங்க வாயால நமக்கு நாலு நல்ல வார்த்தை கிடைச்சா போதுமே!" என்றார். நாலு வார்த்தை வேண்டாம், இரண்டு வார்த்தையாவது எழுது. முதல் கப்பல் பயணம், எனக்கு உள்ளூரப் பயமாக இருக்கிறது.

என்றும் உன்,
தம்பி


மார்ச் 6

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் நலம். அத்தான் தோளுக்குத் தைலம் தேய்த்து வீடெல்லாம் நெடி. அப்பாவிடம் போனில் பேசினேன், சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, வாய்தான் கட்டுக்குள் இல்லை.

மூன்று கேட்டேன், இரண்டுக்குப் பதில் வந்தது. மூன்றாவதைப் பஞ்சு வைத்த காதில் வாங்கிக்கொண்டாய் போலிருக்கிறது. பரவாயில்லை, நானே விசாரித்தேன். எங்கள் தொழிலில் இருப்பது கொஞ்சம் பேர், எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். உங்கள் ஜன்னலை வார்த்துக் கொடுத்தவர்கள், நீங்கள் போகிற ஆழத்தில் பாதிக்குத்தான் உத்தரவாதம் தந்தார்களாம். அதற்குக் கீழே போவதாக இருந்தால் மறுபடி சோதிக்க வேண்டும் என்று எழுதியும் கொடுத்திருக்கிறார்கள். சோதிக்கவில்லை. வெளி ஆள் சான்றும் கிடையாது, யாரையும் கூப்பிட்டே பார்க்கவில்லை.

ஜன்னல் பெரிதாகப் பெரிதாக அதன்மேல் ஏறுகிற பாரமும் கூடும். அக்ரிலிக் ஒரே நாளில் உடைகிற சாமான் இல்லை. ஒவ்வொரு முறை கீழே போய் வரும்போதும் கொஞ்சம் கொஞ்சமாகக் களைத்துப் போகும். பத்து முறை தாங்கிய ஜன்னல் பதினோராவது முறையும் தாங்கும் என்று நம்புவது எங்கள் தொழிலில் முதல் முட்டாள்தனம். பத்து முறை தாங்கியதாலேயே அது முன்பைவிட மோசமாக இருக்கும். இதைச் சொல்லி நானும் இன்னும் நாலு நிபுணர்களும் கையெழுத்துப் போட்டு உன் முதலாளிக்கு எழுதியிருக்கிறோம். உனக்குச் சங்கடம் வருமே என்று இரண்டு நாள் யோசித்துவிட்டுத்தான் போட்டேன்.

இன்னொன்றும் மனதில் ஓடுகிறது. நீ என் கூடத்தின் பெயரைச் சொன்ன பிறகுதான் அவர் எழுந்து நின்றாரா, அல்லது அது தெரிந்துதான் உன்னை வேலைக்கே எடுத்தாரா? வேலை கேட்டு வந்தவர்கள் நிறையப் பேர் என்று அப்பா சொன்னார். உன்னை ஏன் எடுத்தார் என்று நினைத்துப் பார்.

சரி, கேட்டதைக் கொடுக்காமல் விட்டால் ஒரு மாசம் முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்வாய். முதல் கப்பல் பயணம். குமட்டினால் அடிவானத்தையே பார். பயப்படாதே. எல்லாம் பத்திரமாக நடக்கும். தைரியமாகப் போய் வா. அக்காவின் வாழ்த்து எப்போதும் உண்டு.

அன்புடன்,
அக்கா


ஏப்ரல் 10

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். தாமதத்துக்கு மன்னித்துவிடு. நான் நலம், இளைத்துவிட்டேன். கப்பலில் முதல் இரண்டு நாளும் அடிவானத்தைப் பார்த்தேன், அடிவானம் என்னைப் பார்த்துச் சிரித்தது. அப்புறம் பழகிவிட்டது. அத்தான் எப்படி இருக்கிறார்?

குண்டான் மூன்று முறை போய் மூன்று முறையும் வந்துவிட்டது. ஒரு பல் டாக்டர் மேலே வந்து என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார். கீழே தானே வெளிச்சம் போடுகிற மீன்களைப் பார்த்தாராம். எத்தனை பல்லைப் பிடுங்கியும் வாழ்க்கையில் இப்படி ஒரு சந்தோஷம் வந்ததில்லை என்றார். இப்படி ஒரு வேலை எனக்கு முன்னால் அமைந்ததில்லை, அக்கா. என்னைப் பார்த்து யாரும் அழுதது கிடையாது, கடன் கேட்டு வந்தவர்களைத் தவிர.

உங்கள் ஐந்து பேரின் கடிதத்தை முதலாளி எங்கள் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினார். ஒளிக்கவில்லை பார்த்தாயா. "இவங்ககிட்ட எல்லாம் கேட்டுக்கிட்டு இருந்தா மனுஷன் மரத்தை விட்டே இறங்கியிருக்க மாட்டான்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை, அதை நம்பு. சான்று வாங்குவதென்றால் ஆண்டுக்கணக்கில் ஆகும், புதுசு கண்டுபிடிக்கிறவன் அதற்குள் செத்தே போவான் என்று சொல்கிறார். அதிலும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது.

ஒரு சின்ன சந்தேகம். இங்கே இல்லை, வேறு இடத்தில் வேலை பார்க்கிற நண்பர் ஒருவர் கேட்டார். அக்ரிலிக்கில் ஓரமாக, வெள்ளையாக முடி மாதிரி கோடு தெரிந்தால் அது அழுக்கா? துடைத்தும் போகாவிட்டால் என்ன போட்டுத் துடைக்க வேண்டும்? அவசரம் ஒன்றும் இல்லை.

அப்பா இங்கே வந்து தங்கியிருக்கிறார். துறைமுகத்தில் எல்லோருக்கும் பெரியப்பா ஆகிவிட்டார்.

அன்புத்
தம்பி


ஏப்ரல் 19

அன்புள்ள தம்பிக்கு,

நலம், நலமாக இரு. மற்ற விசாரிப்பெல்லாம் கடைசியில்.

எந்த நண்பர்? நீ மூன்றாம் வகுப்பில் பென்சில் தொலைத்ததிலிருந்து உனக்காக ஒரு நண்பர் வந்து கேட்டுக்கொண்டே இருக்கிறார். அவரை நான் இதுவரை பார்த்ததில்லை. ஜன்னல் துடைக்கிறவன் நீ. அக்ரிலிக்கில் முடி மாதிரி கோடு பார்க்க அந்த நண்பருக்கு என்ன வேலை?

அவரிடம் இதைச் சொல். அந்தக் கோட்டின் குறுக்கே கட்டைவிரல் நகத்தை மெதுவாக ஓட்டிப் பார்க்க வேண்டும். நகம் வழுக்கிக்கொண்டு போனால் மேலோட்டமான கீறல், பாலிஷ் போட்டுச் சமாளிக்கலாம். நகம் தட்டினால் அது கீறல் இல்லை, விரிசல். உள்ளே எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று யாராலும் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. அந்த ஜன்னலை அன்றே கழற்றிவிட வேண்டும். எதைப் போட்டும் துடைக்கக் கூடாது. ஸ்பிரிட் போட்டுத் துடைத்தால் கோடு இன்னும் ஓடும்.

நகம் தட்டுகிறதா இல்லையா? ஒரு வார்த்தையில் பதில் போதும். கம்பெனித் தாளில் எழுதாதே. போன கடிதத்தின் உறையை யாரோ பிரித்துத் திரும்ப ஒட்டியிருந்தது போலத் தோன்றியது. என் பிரமையாகவும் இருக்கலாம். ஆனாலும் வெளியே தாள் வாங்கி, வெளியே உள்ள பெட்டியில் போடு.

அப்பாவுக்கு மாத்திரை ஞாபகப்படுத்து. அத்தானுக்குத் தோள் தேவலை.

உன் பதிலுக்காகக் காத்திருக்கும்,
அக்கா


மே 8

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. நான் இங்கே நன்றாக இருக்கிறேன். உன் உடம்பும் மாப்பிள்ளை உடம்பும் நன்றாக இருக்க வேண்டும். தம்பி கொஞ்ச நாளாகச் சரியாகச் சாப்பிடுவதில்லை. கேட்டால் வெயில் என்கிறான். நீ எழுதிய கடிதங்களைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிகிறான்.

உனக்கு ஒரு சந்தோஷமான செய்தி. ஜூன் பதினாறாம் தேதி நானும் குண்டானில் போகிறேன். ஜன்னல் பக்கத்து இடம். ஊழியர் வீட்டு ஆள் ஒருவரை இலவசமாகக் கூட்டிப் போவது நல்லது, பார்க்கிறவர்களுக்கு நம்பிக்கை வரும் என்று முதலாளியே தம்பியைக் கூப்பிட்டுச் சொன்னார். தம்பி வேண்டாம் என்றுதான் முதலில் சொன்னான். நான் விடுவேனா? முப்பது வருஷம் லிஃப்ட் பெட்டிக்குள் ஏறி இறங்கினவன், எட்டாவது மாடிக்கு மேலே போனதும் இல்லை, தரைக்குக் கீழே போனதும் இல்லை. கடைசியில் ஒரு முறை அடித்தளத்தைப் பார்த்துவிடுகிறேன்.

ஆனால் நான் ஒன்றும் கண்ணை மூடிக்கொண்டு ஒப்புக்கொள்ளவில்லை. லிஃப்டில் ஆய்வாளர் சான்று சட்டம் போட்டு மாட்டியிருந்தால்தான் நான் ஆளை ஏற்றுவேன் என்பது உனக்குத் தெரியும். இங்கேயும் பயணிகள் அறையில் முதலில் அதைத்தான் தேடினேன். கண்ணாடிச் சட்டத்துக்குள் உன்னுடைய வார்த்தைகளே இருந்தன! "எல்லாம் பத்திரமாக நடக்கும். தைரியமாகப் போய் வா. என் வாழ்த்து எப்போதும் உண்டு." கீழே உன் கூடத்தின் பெயரும் உன் பதவியும் போட்டிருக்கிறது. பக்கத்தில் நின்ற ஒருவரிடம், "இது எம்பொண்ணு சொன்னதுங்க" என்றேன். அவர் எனக்குக் கை கொடுத்தார். விளம்பரத் தாளிலும் அச்சடித்திருக்கிறார்கள், ஒன்று இத்துடன் வைத்திருக்கிறேன். நீ சொன்ன பிறகு எனக்கு என்ன பயம்?

ஆசிகளுடன்,
அப்பா


மே 13

தம்பி,

விசாரிப்பு, வாழ்த்து எதுவும் இந்தக் கடிதத்தில் இருக்காது. இனி நான் உனக்கு எழுதுகிற எதிலும் இருக்காது.

நாலு பக்கம் எச்சரிக்கை எழுதினேன். கடைசியில், கப்பலில் வாந்தி எடுக்கிற தம்பிக்கு அக்கா எழுதுகிற ஒரு வரி எழுதினேன். நாலு பக்கத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு அந்த ஒரு வரியைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறீர்கள். உன் முதலாளிக்கு என் கடிதம் எப்படிக் கிடைத்தது? நீ கொடுத்தாயா, அவர் எடுத்தாரா? கொடுத்தாய் என்றால், எதற்காக அந்த வரியை எழுதச் சொன்னாய் என்று இப்போது எனக்குச் சந்தேகம் வருகிறது. பெற்ற பிள்ளை மாதிரி வளர்த்த தம்பியைப் பற்றி இப்படி எழுத எனக்கு வயிறு எரிகிறது.

வாழ்த்தைப் பார்த்து எத்தனை பேர் ஏறினார்கள்? கம்பெனிக்கு வக்கீல் மூலம் எழுதியிருக்கிறேன். துறைமுக அதிகாரியிடம் போனில் பேசினேன். "நடுக்கடல்ல நடக்குறது எங்க எல்லைக்குள்ள வராதுங்க மேடம்" என்று வைத்துவிட்டார். அப்பாவிடம் பேசினேன். "தம்பி மேல உனக்கு எப்பவும் அவநம்பிக்கை" என்று அவரும் வைத்துவிட்டார்.

ஜூன் 14க்கு டிக்கெட் எடுத்துவிட்டேன். அந்த ஜன்னலை என் கண்ணால் பார்க்காமல் அப்பாவை அதற்குள் உட்கார விடமாட்டேன். ஏணியில் குறுக்கே படுத்துக்கொள்வேன்.

நகம் தட்டுகிறதா? இதற்கு மட்டும் இன்னும் பதில் வரவில்லை.

அக்கா


மே 24

அக்காவுக்கு,

வாழ்த்து இல்லாமல் உன் கடிதம் மொட்டைக் கடிதம் மாதிரி இருக்கிறது. நான் விடமாட்டேன். நீயும் அத்தானும் நலமாக இருக்க வேண்டும்.

கடிதத்தை நான்தான் கொடுத்தேன். படிக்கக் கொடுத்தேன், உன் நாலு பக்கத்தையும் அவர் படிக்கட்டும் என்று. நீ சொன்னால் கேட்பாரோ என்று நினைத்தேன். இரண்டு நாள் கழித்து நாலு பக்கம் திரும்பி வந்தது, கடைசிப் பக்கம் வரவில்லை. கேட்டபோது, "உங்க அக்கா மனசுல இருந்து வந்தது அதுதான்பா, மத்ததெல்லாம் படிப்பு" என்றார். அப்போதே சண்டை போட்டிருக்க வேண்டும். அந்த வாரம்தான் எனக்குச் சம்பளம் ஏற்றினார். மிச்சத்தை நீயே புரிந்துகொள்.

ஆனால் நீயும் ஒன்றை யோசித்துப் பார். நீ வேலை செய்வது உடைக்கிற இடம். எதைப் பார்த்தாலும் எப்போது உடையும் என்றுதான் உனக்குத் தோன்றும். என்னைப் பார்த்தாலும் அப்படித்தான் தோன்றியிருக்கிறது, சின்ன வயதிலிருந்தே. நான் செய்தது ஒன்றாவது தாங்கும் என்று நீ நினைத்ததுண்டா? குண்டான் இதுவரை ஒன்பது முறை போய் வந்திருக்கிறது. உனக்கு அது ஒரு பொருட்டே இல்லை.

அப்பாவைப் பற்றிக் கவலைப்படாதே. நான் பார்த்துக்கொள்கிறேன். நீ வந்து ஏணியில் படுத்தால் என் மானம்தான் போகும்.

தம்பி


ஜூன் 8

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நீ நலமாக இருக்க வேண்டும். சந்தோஷமாகப் படி. அப்பா போகவில்லை.

கம்பெனி டாக்டர் எனக்கு வேண்டியவர். அவர் காதில் போட்டேன். அப்பா கையில் பட்டையைக் கட்டி அமுக்கிப் பார்த்துவிட்டு, "பிரஷர் எகிறி இருக்கு பெரியவரே, இப்ப கடலுக்குள்ள போனா ஆபத்து" என்று சொல்லிவிட்டார். அப்பாவுக்குப் பிரஷரே கிடையாது. உன்னைப் போலத்தான், மற்றவர்களுக்குத்தான் ஏற்றுவார். இப்போது முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உப்பில்லாமல் சாப்பிடுகிறார். பாவமாகத்தான் இருக்கிறது. ஆனால் ராத்திரி தூக்கம் வருகிறது எனக்கு, எத்தனையோ நாளைக்குப் பிறகு.

உன் வாழ்த்தையும் சுவரிலிருந்து எடுத்துவிட்டார்கள். உன் வக்கீல் கடிதத்துக்குப் பயந்துதான். குண்டான் பதினாறாம் தேதி எப்போதும்போலப் போகும். நீ வர வேண்டாம், டிக்கெட்டை ரத்து செய். பணம் வீணாகிறது. அடுத்த மாதம் நானும் அப்பாவும் அங்கே வந்து கொஞ்ச நாள் இருக்கிறோம். அத்தானின் தைல நெடியில் எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடலாம். சண்டையெல்லாம் முடிந்தது என்று நினைத்துக்கொள்.

உன் அன்புத்
தம்பி


ஜூன் 11

தம்பி,

உன் கடிதத்தை வேலை இடத்தில் படித்தேன். கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். முகத்தைக் கழுவிக்கொண்டு வந்ததும் டிக்கெட்டை ரத்து செய்தேன். வீட்டுக்கு வந்து அத்தானிடம் சொன்னேன், அவர் சாமியைக் கும்பிட்டார். கறிகாய் நறுக்க உட்கார்ந்தபோதுதான் எனக்கு உறைத்தது.

அப்பா போகவில்லை. சரி. ஜன்னல் பக்கத்து இடத்தில் இப்போது யார்?

அப்பாவுக்கு ஆகாத ஜன்னல் இன்னொருவருக்கு எப்படி ஆகும்? பிரஷர் என்று பொய் சொல்லி இறக்கினாய் என்றால் உனக்குத் தெரியும். நகம் தட்டியிருக்கிறது. இத்தனை மாதமாக நீ எழுதாமல் விட்ட பதிலை இப்போது எழுதிவிட்டாய். நாலு பயணி, ஓட்டுகிறவர் ஒருவர், அவர்கள் வீட்டில் இருக்கிறவர்களுக்கு டாக்டர் நண்பர் கிடையாது, அவ்வளவுதான் வித்தியாசம்.

உன்னை மட்டும் சொல்லவில்லை. டிக்கெட்டை ரத்து செய்தபோது எனக்கும் அந்த ஐந்து பேரின் நினைப்பு வரவில்லை. அரை நாள் முழுக்க நானும் நிம்மதியாக இருந்தேன். வெட்கமாக இருக்கிறது.

மூன்று முறை கூப்பிட்டேன், நீ எடுக்கவில்லை. கம்பெனிக்குப் பேசினால், கப்பல் சாமான் ஏற்றுகிறது, அப்புறம் கூப்பிடுங்கள் என்கிறார்கள். மறுபடி டிக்கெட் கேட்டால் பதினேழாம் தேதிக்குத்தான் இடம் இருக்கிறதாம். அதனால் இதைத் தனி ஆள் மூலம் அனுப்புகிறேன், உன் கையில்தான் கொடுப்பார்கள். முதலாளியிடம் போகாதே. நேரே அந்த நாலு பேரிடம் போ. ஜன்னல் அருகே கூட்டிப் போய், அவர்கள் நகத்தையே அந்தக் கோட்டின் மேல் வைத்துக் காட்டு. நிபுணர் யாரும் வேண்டாம், சான்று வேண்டாம். அதுவே போதும். வேலை போகட்டும், நான் சோறு போடுகிறேன்.

அக்கா


ஜூலை 5

அக்காவுக்கு,

பதினேழாம் தேதி நீ வந்து இறங்கியபோது நான் உன் முகத்தைப் பார்க்கவில்லை. ஒரு வார்த்தை பேசவில்லை என்று அப்பாவிடம் சொல்லி அழுதாயாம். வாயால் வரவில்லை. அதனால் எழுதுகிறேன். கடிதம் என்று ஏற்பாடு செய்தவனும் நான்தானே.

உன் கடிதம் என் கைக்கு வந்தது, புறப்படுவதற்கு முன்பே. படித்தேன். தாமதமாக வந்தது என்று விசாரணை அதிகாரிகளிடம் முதலில் சொன்னேன், நேற்று திருத்திச் சொல்லிவிட்டேன். உன் கடிதங்கள் எல்லாவற்றையும் கொடுத்துவிட்டேன்.

நகம் தட்டியது. ஏப்ரலிலேயே தட்டியது. ஒவ்வொரு முறை துடைக்கும்போதும் ஓட்டிப் பார்ப்பேன், இன்றைக்கு வழுக்காதா என்று. முதலாளியிடம் காட்டினேன். "ஓரம்தானே, விடு, நீ பார்த்துக்கிட்டே இரு" என்றார். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அப்பாவின் இடம், காத்திருந்த ஒரு பூகோள டீச்சருக்குக் கிடைத்தது. வயது உன்னைவிடக் கொஞ்சம் குறைவுதான் இருக்கும். அன்று காலையில் நான் ஜன்னலைத் துடைத்துக்கொண்டிருந்தபோது என் பக்கத்தில்தான் வந்து நின்றார். உன் கடிதம் சட்டைப் பையில் இருந்தது. சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் அவரே, "உங்க அப்பா வர முடியலன்னு கேள்விப்பட்டேன், கஷ்டமா இருந்தது. அவருக்கும் சேர்த்து நான் பார்த்துட்டு வரேன்" என்றார். அப்போது எதற்காக வாயை மூடிக்கொண்டேன் என்று தினமும் யோசிக்கிறேன். அப்படியென்றால் அப்பாவை மட்டும் ஏன் இறக்கினீர்கள் என்று எல்லோர் முன்னாலும் அவர் கேட்டுவிடுவாரோ என்று பயந்தேன். அவ்வளவுதான், அக்கா. அதைவிடப் பெரிய காரணம் எதுவும் கிடைக்கவில்லை. மேலிருந்து முதலாளி, "துடைச்சாச்சா?" என்று கேட்டார். துடைத்தாகிவிட்டது என்றேன்.

பாதி ஆழத்தைத் தாண்டிக் கொஞ்ச நேரத்தில் குண்டானிலிருந்து கப்பலுக்கு வந்துகொண்டிருந்த சத்தம் நின்றுபோனது. தேடினார்கள். உனக்குத் தெரியும்.

நேற்று விசாரணை முடிந்து வெளியே வந்தபோது டீச்சருடைய அம்மா வராந்தாவில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். யாரோ என்னைக் காட்டிச் சொல்லியிருக்கிறார்கள். எழுந்து வந்தார். அடிப்பார் என்று நினைத்தேன், அடித்தால் வாங்கிக்கொள்ளலாம் என்று நின்றேன். அவருக்கு இன்னும் எதுவும் தெரியாது. அடுத்த வாரம் அறிக்கை வந்தால் தெரிந்துவிடும். என் கையைப் பிடித்துக்கொண்டு, "எம்பொண்ணு கிளம்புறதுக்கு முன்னாடி போன்ல சொன்னா தம்பி, ஒரு பெரியவருக்கு உடம்பு முடியாமப் போய்த்தான் தனக்கு இடம் கிடைச்சுதுன்னு. உங்க அப்பாதானாமே. இப்ப அவருக்குப் பிரஷர் எப்படி இருக்கு?" என்று கேட்டார்.

நன்றாக இருக்கிறார் என்று சொன்னேன்.

தம்பி